சந்தா கட்டினால் லென்ஸ் கிடைக்குமா?

வளர்பிறை முகூர்த்தம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால், அந்த வாரம் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் 70-200 லென்ஸ் வாடகைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாணம் எடுக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் அதே லென்ஸ்தான் வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி உறவினர்கள் அடைத்துக்கொண்டு நிற்க, மண்டபத்தின் நடுவிலிருந்து மணப்பெண்ணின் முகத்தைப் பிடிக்க வேறு வழியில்லை. எஃப் 2.8 துளை கொண்ட அந்த லென்ஸின் புது விலை, முன்னணி நிறுவனங்களில், இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். சொந்தமாக வாங்க எல்லோராலும் முடியாது. வாங்கியவரிடமோ, ஆடி மாதம் முழுக்க அது அலமாரியில் தூங்கும்.

இந்த முரணைப் பார்க்கும் இளைஞர்கள் பலருக்குத் தோன்றுகிற யோசனை ஒன்றுதான். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து லென்ஸ்களை வாங்கி வைப்பது. மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா வசூலிப்பது. உறுப்பினர்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல லென்ஸ் எடுத்துப் போய்த் திருப்பித் தருவது. நல்ல யோசனைதான். ஆனால் வாடகைக் கடைக்கும் சந்தா திட்டத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கடையில் பணமும் லென்ஸும் ஒரே நாளில் கைமாறும். சந்தாவிலோ பணம் முதலில் போய்விடும், லென்ஸ் பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற காலத்தில்தான் எல்லாச் சண்டைகளும் பிறக்கின்றன. தொடங்குபவரும் சேருபவரும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இடைவெளிக்காகத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அறுபது உறுப்பினர்கள், நான்கு 70-200 லென்ஸ்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் பார்த்தால் தாராளமாகவே தோன்றும். தை மாத முகூர்த்த நாளில் அறுபதில் முப்பது பேர் கேட்டால் இருபத்தாறு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியது சந்தா கழிவு அல்ல, லென்ஸ். ஆகவே ‘எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்று விளம்பரம் செய்கிற திட்டத்தை நான் நம்பமாட்டேன். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு முகூர்த்த நாளில் கைவிரித்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அது சேவைக் குறைபாடு; விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற கேள்விக்கு உள்ளாகும்.

கணக்கைச் சரிப்படுத்த வழி இருக்கிறது. கல்யாணம் இல்லாத மார்கழியில்தான் வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் பறவைகள் நிறைந்திருக்கும். சென்னை சபாக்களில் கச்சேரி நடப்பதும் அப்போதுதான். பறவை எடுப்பவருக்கு 150-600 வேண்டும். கச்சேரி எடுப்பவருக்கு 70-200 வேண்டும். கல்யாணக்காரர்களை மட்டும் சேர்க்காமல் இவர்களையும் சேர்க்கிற திட்டத்தில் லென்ஸ் வருடம் முழுக்க வேலை செய்யும். முகூர்த்த நாள்களுக்கு மட்டும் தனி விதி எழுதிவிடலாம்: எத்தனை நாள் முன்பு பதிய வேண்டும், ஒருவருக்கு ஒரு மாதத்தில் எத்தனை முகூர்த்தம், பதிவு உறுதியான பிறகும் லென்ஸ் தர முடியாவிட்டால் நிறுவனம் என்ன செய்யும் (வெளிக்கடையிலிருந்து வாடகைக்கு எடுத்துத் தருமா, பணம் தருமா). இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லாத திட்டத்தில் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மாதச் சந்தாவே போதும்.

பதிவு செய்யும்போது உறுப்பினர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘இன்ன தேதியில், இன்ன ஊரில் கல்யாணம், அதற்காக’ என்று குறிப்பிட்டுப் பதியுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆவது பிரிவின்படி, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் இழப்பீடு கேட்க முடியும். எதற்காக லென்ஸ் எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டு, பிறகு ‘எனக்கு ஒரு கல்யாண ஆர்டரே போச்சு’ என்று கேட்டால் வழக்கு நிற்பது கடினம்.

கைமாறும் நேரத்தில் சட்டம்

லென்ஸை ஒருவர் இன்னொருவரிடம், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுப்பதை வக்கீல்கள் ‘பெய்ல்மென்ட்’ என்பார்கள், தமிழில் ஒப்படைப்பு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவிலிருந்து தொடங்கும் அத்தியாயம் இதைப் பற்றியது. அந்தக் காலத்தில் குதிரைக்கும் வண்டிக்குமாக எழுதிய சட்டம். இன்றைய லென்ஸுக்கு அப்படியே பொருந்துகிறது என்பதில் எனக்கு இன்றும் ஒரு வியப்பு உண்டு.

வாடகைக்குக் கொடுப்பவர் பக்கம் முதலில். பொருளில் குறை இருந்தால் அதை எடுப்பவருக்குச் சொல்ல வேண்டும். இலவசமாகக் கொடுத்தவர் தனக்குத் தெரிந்த குறையை மட்டும் சொன்னால் போதும். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவருக்கோ அந்தச் சலுகை கிடையாது: குறை இருப்பது அவருக்கே தெரியாவிட்டாலும், அதனால் விளைந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு என்கிறது 150-ஆவது பிரிவு. ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் இடையிடையே நின்றுபோகும் லென்ஸைக் கொடுத்துவிட்டு ‘எனக்கே தெரியாதுங்க’ என்று சொல்லித் தப்ப முடியாது.

எடுத்துச் சென்றவர் பக்கம். தன் சொந்த லென்ஸாக இருந்தால் ஒரு விவேகமுள்ள மனிதன் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் (151). அவ்வளவு கவனம் காட்டியும் தொலைந்தால், சேதமானால், அவர் பொறுப்பல்ல (152). ஆனால் இந்தப் பாதுகாப்பு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோதுதான். ‘எக்காரணத்தாலும் சேதம் ஏற்பட்டால் முழு விலையும் உறுப்பினரே தர வேண்டும்’ என்று படிவத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் வரி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும். கையெழுத்துப் போடும் முன் தேடிப் பார்க்க வேண்டிய வரி அது.

காலம் தாழ்த்துவதன் விலை பலருக்கும் தெரிவதில்லை. திருப்பித் தர வேண்டிய நாளில் தராமல் விட்டால், அந்த நாளிலிருந்து எது நடந்தாலும் எடுத்தவர் தலையில்தான் (161). 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. டிசம்பர் 6 அன்று திருப்பித் தர வேண்டிய லென்ஸ் அந்த வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், தன்னாலான கவனம் எடுத்திருக்கும் உறுப்பினர் 152-ஆவது பிரிவைக் காட்டலாம். டிசம்பர் 2 அன்றே தந்திருக்க வேண்டிய லென்ஸ் என்றால் காட்ட முடியாது. வெள்ளமும் லென்ஸும் அதேதான். நடுவில் இருப்பது நான்கு நாள்.

சொன்ன நிபந்தனையை மீறிப் பயன்படுத்தினாலும் இதே கதி (154). மண்டபத்துக்கு என்று எடுத்துப் போய்ப் படகில் கடலுக்குள் கொண்டுபோனால், அல்லது ‘மச்சான், ஒரு நாளைக்குத் தா’ என்று கேட்ட நண்பனிடம் கொடுத்தால், பிறகு நேரும் விபத்துக்கும் நீங்களே பொறுப்பு. உறுப்பினர் அட்டை உங்கள் பெயரில் இருக்கும்போது லென்ஸ் நண்பன் கையில் உடைந்தால், நிறுவனம் நண்பனைத் தேடிப் போகாது.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து மடங்கு வாடகை, சிறு கீறலுக்குப் புது லென்ஸின் விலை என்றெல்லாம் சில படிவங்களில் பார்க்கலாம். எழுதிவிட்டதாலேயே அந்தத் தொகை முழுதும் கிடைத்துவிடாது. எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும் என்கிறது 74-ஆவது பிரிவு. மூன்று வருடம் ஓடித் தேய்ந்த லென்ஸுக்குப் புது விலை கேட்பது நியாயமில்லை. நிறுவனம் நடத்துபவர்கள் ஒவ்வொரு லென்ஸுக்கும் அன்றைய மதிப்பு என்ன என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் போட்டு, உறுப்பினருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதி வழக்கு வராது.

பூஞ்சையும் மஞ்சள் தூளும்

சேதம் யாரால் என்பதுதான் எப்போதும் தகராறு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். லென்ஸின் உள் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். தொழிலில் ‘பங்கஸ்’ என்றே சொல்வார்கள். அது ஒரே நாளில் வருவதல்ல. சனிக்கிழமை எடுத்துப்போய்த் திங்கட்கிழமை கொண்டுவந்தவரைப் பார்த்து ‘உங்களால்தான் பங்கஸ்’ என்று சொல்லும் கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்க முடியாது. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் காக்கும் டிரை கேபினட் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது இரண்டு லென்ஸ் வைத்திருப்பவருக்குச் சரி, இருபது வைத்திருப்பவருக்கு அல்ல.

எடுக்கும்போது இரு தரப்பும் சேர்ந்து ஐந்து நிமிடம் செலவிடுங்கள். துளையை முழுக்கத் திறந்துவைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. சிறு தூசி தெரிந்தால் கவலை வேண்டாம். ஜூம் லென்ஸ் எல்லாமே கொஞ்சம் தூசியை உள்ளே இழுக்கும், படத்தில் தெரியாது. தூசிக்கெல்லாம் உறுப்பினரிடம் காசு பிடிப்பது அநியாயம். ஜூம் வளையத்தைச் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கடற்கரையில் படம் எடுத்துவிட்டு வந்த லென்ஸ் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி ஒரு படம் எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கலாம், அதாவது முன்பே எங்கேயோ விழுந்திருக்கலாம். கேமராவில் மாட்டியபின் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதையெல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, லென்ஸின் வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி வைத்து, அங்கேயே இரு தரப்பு வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். திருப்பித் தரும்போதும் அப்படியே. வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றம் ஏற்க, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆகவே செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோமே என்று போனை விற்றுவிடாதீர்கள்.

நம் கல்யாணங்களிலும் இப்போது ஹல்தி வந்துவிட்டது. மஞ்சள் தூளும் வண்ணப் பொடியும் தண்ணீரும் பறக்கும் அந்த நிகழ்ச்சி லென்ஸுக்குப் பெரும் சோதனை. ஜூம் குழாயின் இடுக்கில் போன மஞ்சள் பொடியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ‘இயல்பான தேய்மானம்’ எது, ‘சேதம்’ எது என்று படிவத்தில் எழுதும்போது ஹல்தியையும் ஹோலியையும் பெயர் சொல்லியே எழுதுவது நல்லது. பொதுப்படையாக ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று எழுதி என்ன பயன்?

டெபாசிட், அடையாள அட்டை, கையெழுத்துப் போட்ட செக்

இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளைத் தெரியாத ஒருவரிடம் கொடுப்பவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தில் வாங்கிவைப்பவைதான் பிறகு சிக்கலாகின்றன.

ஒரிஜினல் அடையாள அட்டையைப் பிடித்துவைப்பது இந்தத் தொழிலில் பரவலான பழக்கம். பாஸ்போர்ட்டைப் பறித்துவைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் சட்டப்படி அதிகாரிகளுக்கே உண்டு, கடைக்காரருக்கு இல்லை. ஆதார் நகல் தருவதானால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தாருங்கள். நிறுவனம் செய்ய வேண்டியது, அட்டையில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பெயரும் முகமும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், வீட்டு முகவரிக்கு ஒருமுறை நேரில் போய்வருவதும். ஏமாற்ற வருபவன் கையில் இருக்கும் ‘ஒரிஜினல்’ போலியாக இருக்கலாம். வீடு போலியாக இருப்பது அரிது.

தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக்கைக் கொடுப்பது உறுப்பினருக்கு ஆபத்து. நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும். ‘பாதுகாப்புக்காகக் கொடுத்தது’ என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையையும், செக் எண்ணையும், இன்ன லென்ஸுக்கான பாதுகாப்பு என்பதையும் எழுதி நிறுவனத்திடம் ரசீது வாங்குங்கள்.

ரொக்க டெபாசிட் வாங்கும் நிறுவனம் அதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கட்டும். டெபாசிட் பணத்தில் புது லென்ஸ் வாங்கி, அடுத்த உறுப்பினரின் டெபாசிட்டில் முதல் உறுப்பினருக்குத் திருப்பித் தரத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு படி மேலே போய், ‘ஒரு லட்சம் கட்டி ஆயுள் உறுப்பினராகுங்கள், லென்ஸும் எடுக்கலாம், மாதம் இவ்வளவு லாபமும் தருவோம்’ என்று சொல்லும் திட்டம் லென்ஸ் வியாபாரமே அல்ல. முதலீடு திரட்டுவது. 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் அங்கே வந்து நிற்கும். புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு பார்க்கும். நல்லெண்ணத்தில் தொடங்குபவர்களும் ‘உறுதியான லாபம்’ என்ற சொல்லை வாயில் கூட எடுக்கக் கூடாது.

நண்பர்கள் தங்கள் சொந்த லென்ஸ்களைப் பொதுவில் போட்டு வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் ஒவ்வொரு லென்ஸும் யாருடையது, மூன்றாம் நபருக்குக் கொடுக்க உரிமையாளர் சம்மதித்தாரா, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் நட்பும் போகும், லென்ஸும் போகும். அந்த நண்பர்கள் கூட்டாகத் தொழில் நடத்தினால் கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், வாடகை பாக்கிக்காக வெளியாளின் மேல் ஒப்பந்த வழக்குப் போட முடியாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கூட்டாளி ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு என்பதால், கொஞ்சம் வளர்ந்ததும், கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள எல்எல்பிக்கு மாறுவது உத்தமம். ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். லென்ஸ் வாடகைக்கு வரி 18 சதவீதம். திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு வரி கிடையாது, வாடகையாக அதை எடுத்துக்கொள்ளும் வரை.

அடகுக் கடையில் தேட வேண்டிய லென்ஸ்

போனை அணைத்துவிட்டு லென்ஸோடு காணாமல் போகும் ஆள்தான் இந்தத் தொழிலின் கெட்ட கனவு. ஆனால் தாமதம் எல்லாமே குற்றமல்ல. இரண்டு நாள் தாமதித்துவிட்டு ‘வந்துட்டே இருக்கேன்’ என்பவர் மேல் போலீசுக்குப் போனால், சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. அடகு வைத்தாலோ, விற்றாலோ, தன்னுடையது என்று சொல்லித் தர மறுத்தாலோ அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. தொடக்கத்திலேயே போலி அடையாளத்தோடு வந்து வாங்கிப் போனால் அது 318-ஆவது பிரிவின் ஏமாற்றுதல். ஏழு ஆண்டு வரை. ஒரே நிகழ்வுக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரில் கதையை ஒரே நேர்கோட்டில் எழுதுங்கள்: எப்போது வந்தார், என்ன காட்டினார், எந்த நாளில் நேர்மை கெட்டது.

புகாரோடு லென்ஸ் வாங்கிய பில், வரிசை எண், ஒப்பந்தம், கைமாறிய வீடியோ, நினைவூட்டிய செய்திகள் எல்லாம் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ‘கிரே மார்க்கெட்’டில் வாங்கிய லென்ஸை வாடகைக்கு விடுபவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார், அது அவருடையது என்பதற்கே சான்று இருக்காது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்து முதல் தகவல் அறிக்கை போடாமல் இழுத்தால், எழுத்தில் மாவட்ட காவல் கண்காணிப்பாளருக்கு (மாநகரங்களில் ஆணையர் அலுவலகத்துக்கு) அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம்.

அடகுக் கடையில் லென்ஸ் கிடைத்தால் கடைக்காரருக்கு அதன் மேல் உரிமை வந்துவிடாது. வாடகைக்கு எடுத்தவனுக்கே இல்லாத உரிமையை அவனிடம் அடகு பிடித்தவர் பெற முடியாது. பழைய லென்ஸ் விற்கும் இணையதளத்தில் வாங்கியவருக்கும் இதேதான் நிலை. மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாத லென்ஸ் வாங்குபவர்கள் கவனிக்க: போலீஸ் வந்தால் லென்ஸும் போகும், பணமும் போகும். கைபேசிக்கு இருப்பதுபோல் லென்ஸுக்கு அரசுப் பதிவேடு கிடையாது. வரிசை எண்ணோடு கூடிய பில்தான் ஒரே கவசம். இன்றைய கேமராக்கள் பல, எடுக்கும் படத்தின் கோப்புக்குள் லென்ஸின் வரிசை எண்ணையும் பதிந்துவிடுகின்றன. விசாரணையில் அதுவும் உதவும்.

போலீஸ் கைப்பற்றிய லென்ஸ் வழக்கு முடியும் வரை காவல் நிலைய அறையில் கிடந்தால் பூஞ்சைதான் மிச்சம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் நீண்ட நாள் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. புகைப்படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் இடைக்காலமாக ஒப்படைக்க நடுவரிடம் மனுச் செய்யுங்கள். இன்று இதற்கான பிரிவுகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 503.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். பூட்டை உடைத்துத் திருடினால் கிடைக்கும் இழப்பீடு, நாமே நம்பிக் கொடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடினால் பெரும்பாலும் கிடைக்காது. வாடகைக்கு விடும் பொருள் என்பதைச் சொல்லாமல் எடுத்த பாலிசியும் கைகொடுக்காது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு முறையும் உறுப்பினரிடம் நூறு ரூபாய் ‘இன்சூரன்ஸ்’ என்று வாங்கிக்கொண்டு எந்தப் பாலிசியும் எடுக்காமல் இருப்பது தவறு. இன்சூரன்ஸ் தொழிலை உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் செய்யலாம். அந்த நூறு ரூபாய்க்குப் பாலிசி எண்ணைக் கேளுங்கள். இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால், தனி உரிமையாளரும் குறுந்தொழில் நடத்துபவரும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

சினிமாவுக்கும் வெப் சீரிஸுக்கும் லென்ஸ் கொடுக்கிறவர்களுக்கு வேறு தலைவலி: திருட்டு இல்லை, பாக்கி. வடபழனி, சாலிகிராமம் பக்கம் இந்தக் கதை கேட்காத வாடகைக்காரர் இல்லை. உத்யம் பதிவு இலவசம். அதை முதலிலேயே செய்து வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. பாக்கிப் புகாரை விசாரிக்கும் மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் தயாரிப்பு நிறுவனம் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். இவ்வளவு பலமான ஆயுதத்தை வைத்துக்கொண்டு மேனேஜர் வீட்டு வாசலில் நிற்பது ஏன் என்று தெரியவில்லை.

உறுப்பினர் எங்கே போவது?

சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டு பணம் போய்க்கொண்டே இருந்தால், முதலில் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை நிறுத்துங்கள்; அதற்கு நிறுவனத்தின் சம்மதம் வேண்டாம். சேருவது ஒரு தொடுதலில், விலகுவதற்கு மட்டும் மூன்று போன் அழைப்பு என்றால் அதற்குச் ‘சந்தா பொறி’ என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்த பதின்மூன்று தந்திரங்களில் அதுவும் ஒன்று.

டெபாசிட்டைத் தராமல் இழுத்தால், சேதம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டால், முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்; பல தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நிறுவனம் சென்னையில் இருக்கிறதே என்று திருநெல்வேலிக்காரர் ரயில் ஏற வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. மிதமிஞ்சிய டெபாசிட், பொருத்தமில்லாத அபராதம், காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்யும் உரிமை ஆகியவை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் வரும்; ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று கேட்கும் மனுவை மாவட்டத்தில் அல்ல, மாநில ஆணையத்தில்தான் போட முடியும்.

ஒரு தடையைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் எடுத்துப் பிழைப்பவரைப் பார்த்து, ‘இவர் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர், நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் வரும் என்று தெரிந்தே, தனியாளாகச் சுயதொழில் செய்வதையும் வாழ்வாதாரம் அதுதான் என்பதையும் மனுவின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். ஆள் வைத்து ஸ்டுடியோ நடத்துபவர்களுக்குச் சிவில் நீதிமன்றமே பொருத்தம். சிறு தொகை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுக் கொடுக்கலாம். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு. செக் திரும்பினால், வங்கி தெரிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். டெபாசிட் நின்றுபோனவர்கள் இன்றே தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.